பிள்ளைக்குத் தொய்வு: இருமல் நின்ற பிறகும் பிரவுண் பம்ப் எதற்கு?

#1 | கடலோரத் தொடர்மாடி

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. மழை தொடங்கினால் இரவில் இருமல், விடியப்புறம் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம், இப்படியே கனகாலம் இழுபட்டது. காட்டிய இடமெல்லாம் அன்ரிபயோட்டிக்கும் சிரப்பும் தந்து அனுப்பினார்கள். இந்த முறை பிள்ளைகளுக்கான விசேட வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு, இது தொய்வு, அதாவது ஆஸ்துமாதான் என்று சொல்லி வாயால் இழுக்கும் ஒரு நீலப் பம்ப், ஒரு பிரவுண் பம்ப், பம்பைச் செருகி இழுக்கும் ஸ்பேசர் குழாய் எல்லாம் துண்டில் எழுதித் தந்தார். பிரவுண் காலையும் இரவும், நீலம் தேவைப்பட்டால் மட்டும். அப்படியே செய்கிறோம், இருமல் நின்றுவிட்டது, பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இப்போது வீட்டில் வேறு பிரச்சினை. மாமி சொல்கிறார், "சுகம் வந்த பிறகும் ஏன் அடிக்கிறாய்? பழகிப்போய் வாழ்நாள் முழுக்கப் பம்போடு திரியப்போகிறாள், பெண்பிள்ளை வேறு." அவர் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பிரவுண் பம்பில் இருப்பது ஸ்டீரொயிட் என்று கேட்டதிலிருந்து எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த கிளினிக் வருகிற மாதம். அதுவரை தொடரவா, நிறுத்தவா?

#2 | பாமசி மேசை

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. பொரளைப் பக்கம் மருந்துக் கடையில் நிற்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு கிழமை போகாது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இழுப்பு வரும் நேரத்தில் மட்டும்தான் நோய், மற்ற நேரம் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். தொய்வு உள்ளவருக்கு சுவாசக் குழாயின் உட்சுவர் இருமல் இல்லாத நாளிலும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். நீறு பூத்த நெருப்பு. அதில் தூசியோ புகையோ தடிமனோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், வீக்கம் கூடும், சளி சுரக்கும், மூன்றும் சேர்ந்து வழியை அடைக்கும். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதுதான் அப்போது பெரிய பாடு, நீங்கள் கேட்ட விசில் அப்படி வருவதுதான்.

நீலப் பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். இறுகிய தசையைத் தளர்த்தும், சில நிமிடத்தில் சுகம் தெரியும், நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரை நிற்கும். உள்ளே இருக்கும் வீக்கத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பிரவுணில் பெரும்பாலும் பெக்லோமெதசோன். அதுதான் வீக்கத்தை ஆற்றுவது, ஆனால் மெதுவாக, முழுப் பலன் தெரியக் கிழமைகள் எடுக்கும். மகள் இப்போது நிம்மதியாகத் தூங்குவது அதன் வேலைதான். நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் நடக்காது, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வரும், பிறகு ஒரு தடிமன் வந்தால் நேரே வோர்ட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

பழகிப்போகும் என்ற பயம் வேண்டாம், அது போதையேற்றும் மருந்து இல்லை. ஸ்டீரொயிட் பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பெக்லோமெதசோன் ஒரு அடியில் 50 அல்லது 100 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் வைத்தியசாலையில் விழுங்கத் தரும் பிரெட்னிசலோன் குளிசை ஒன்று 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம், அது போவது உடம்பு முழுக்க. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறுதான், ஆனாலும் எந்த அளவில் கதைக்கிறோம் என்று மாமிக்கு விளங்கும். பம்ப் ஒழுங்காகப் போனால் அந்தக் குளிசைக்கு வேலை வராது.

உயரம் குறையுமா என்று கட்டாயம் கேட்பீர்கள். கொஞ்சம் பாதிக்கலாம், மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும்வரை பார்த்த ஆய்வில், சில வருடம் இதே வகை மருந்தான புடசொனைட் பம்ப் எடுத்தவர்கள் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் உயரம் குறைவு. அந்த 1.2 சென்ரிமீற்றருக்காக மூச்சைப் பணயம் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பொதுவாக மூன்று மாதமளவு நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் வைத்தியர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். குறைப்பது அவர் வேலை, நாமாக நிறுத்தக் கூடாது.

அடித்து முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படியும்.

#3 | கொச்சிக்கடைக் காற்று

அண்ணை சொல்வது பிள்ளைகளுக்குச் சரி. எனக்கு நாற்பத்தைந்து வயது, சின்ன வயதிலிருந்தே முட்டு. புறக்கோட்டையில் மிளகாய், மல்லி மூடை இறக்கும் கடையில் வேலை. பிரவுண் பம்ப் என்று எனக்கு யாரும் சொன்னதுமில்லை, நான் வாங்கியதுமில்லை. நீலம்தான் எப்போதும் சட்டைப் பையில், மாதம் ஒன்று முடியும். இரவில் சிலவேளை எழும்பி இரண்டு அடி அடித்துவிட்டுப் படுப்பேன், அவ்வளவுதான். வாழ்க்கை ஓடுகிறது. இதுக்கு மேல் எதுக்கு இரண்டு பம்புக்குக் காசு?

#4 | பாமசி மேசை

தம்பி, உங்களுடைய பதிவுதான் என்னைப் பயப்படுத்துகிறது, பிள்ளையுடையது இல்லை. ஒரு நீலப் பம்பில் 200 அடி. வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் முடிக்கிறவருக்கே கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது, பன்னிரண்டு என்றால் உயிராபத்து கூடுகிறது. உங்கள் கணக்கு பன்னிரண்டு. கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்படுகிறதா, முட்டு வந்து இரவில் எழும்புகிறீர்களா, படி ஏறுவதைக் குறைத்துவிட்டீர்களா, இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலே தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை. ஓடுகிறது என்று சொல்கிறீர்கள், உடம்பு அதற்குப் பழகிவிட்டது, அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

உலகம் முழுக்க வைத்தியர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி 2019ல் ஒரு பெரிய மாற்றம் செய்தது. பெரியவர்களுக்கும் இளவயதினருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்ய வேண்டாம், லேசான தொய்வாக இருந்தாலும் வீக்கத்தை ஆற்றும் மருந்தும் சேர வேண்டும் என்றது. வீக்கத்தை ஆற்றும் புடசொனைட்டும் தசையைத் தளர்த்தும் ஃபோர்மோடெரோலும் ஒன்றாக உள்ள பம்ப் இருக்கிறது, அதையே தேவைக்கும் தினமும் பயன்படுத்தும் முறையும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். காசுதான் யோசனை என்றால் அரசாங்க கிளினிக்கில் போடுங்கள், மருந்து இலவசம். வெலிசறையில் சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை இருக்கிறது.

இன்னொன்று, வேலை. லீவு நாளில் நெஞ்சு லேசாகி, திரும்பவும் வேலைக்குப் போனதும் இறுகுகிறதா? அப்படியானால் மிளகாய்த் தூசியைப் பற்றி டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தலையிடிக்கு, மூட்டு நோவுக்கு என்ன போடுகிறீர்கள்? அஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை தொய்வு உள்ள சிலருக்குத் திடீரென்று இழுப்பைக் கொண்டுவரும். பரசிற்றமோல் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் எழுதும் புரொப்ரனோலோல், கண் அழுத்தத்துக்கு விடும் திமோலோல் சொட்டு, இரண்டும் தொய்வுக்காரருக்கு ஆகாது. கண்ணுக்கு விடும் சொட்டு நெஞ்சை என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

#5 | பழைய மருந்துப் பெட்டி

பிள்ளைகளே, எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் ஆடாதோடை இலையை அவித்துத் தேன் விட்டுக் குடிப்போம், சளி கரையும். குளிர்ச்சியான சாப்பாடு, வாழைப்பழம், தயிர், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்துவோம். எல்லாவற்றுக்கும் இங்கிலிஷ் மருந்து என்று ஓடுவது சரியா?

#6 | பாமசி மேசை

ஐயா, ஆடாதோடையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் சளி கரைக்கும் புரோம்ஹெக்சின் மருந்தே உருவானது. சளியை இளக்க அது உதவும். ஆனால் குழாயின் வீக்கத்தை ஆற்றாது, இறுகிய தசையைச் சட்டென்று தளர்த்தவும் மாட்டாது, அதனால் பம்பின் இடத்தில் அதை வைக்க முடியாது. வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் கூடவே குடிக்கிறவர்களை நான் தடுப்பதில்லை. பயம் என்னவென்றால், பம்பை நிறுத்திவிட்டுக் கசாயத்தை மட்டும் நம்புவது.

வாழைப்பழம், தயிர் பற்றி: ஒரு சாப்பாட்டுக்கு உண்மையான ஒவ்வாமை இருந்தால் அதை நிறுத்தத்தான் வேண்டும். அப்படி இல்லாத பிள்ளைக்குப் பழத்தையும் தயிரையும் மறுத்தால் மூச்சுக்கு ஒரு நன்மையும் இல்லை, பிள்ளை மெலிவதுதான் மிச்சம்.

#7 | கடலோரத் தொடர்மாடி

அண்ணா, மிக்க நன்றி. #2ஐ அப்படியே மாமிக்கு வாசித்துக் காட்டினேன். குளிசைக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "சரி, வாயைக் கொப்பளிக்க வை" என்றார். இப்போது அவரேதான் கோப்பையோடு நிற்கிறார்.

அடுத்த கேள்வி வீட்டைப் பற்றி. கடல் பக்கம் மூன்றாம் மாடி, மழைக்காலத்தில் அலுமாரிக்குப் பின்சுவர் கறுத்துப் பூசணம் பிடிக்கும். டெங்குப் பயத்தில் இரவில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மாநகரசபை வந்து புகையும் அடிக்கிறார்கள். எதைத்தான் நிறுத்துவது?

#8 | வோர்ட் நேர்ஸ்

சுருளை இன்றைக்கே நிறுத்துங்கள் அக்கா. ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அறைக் கதவைச் சாத்திவிட்டு அதற்குள் பிள்ளையைப் படுக்கவைத்தால் எப்படி? டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது, இரவுச் சுருளால் அதற்குப் பெரிய பலனும் இல்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பகலில் படுத்தாலும் வலைக்குள் படுக்க விடுங்கள், பூச்சாடித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டிலும் தேங்கும் தண்ணீரை ஊற்றுங்கள். சாம்பிராணி வேண்டுமானால் பிள்ளை இல்லாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து. புகை அடிக்கும் நாளில் பிள்ளையை வெளியே கூட்டிப் போய், வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு கொண்டுவாருங்கள்.

பூசணம் முக்கியம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், சுவரைத் துடையுங்கள், குழாய்க் கசிவு இருந்தால் அதைத் திருத்தாமல் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள், அது திரும்பவும் வரும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி இருக்கும், ஈரப்பதமான கொழும்புக் காற்று அதற்கு நல்ல வாசி. விரிப்பையும் உறையையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை வரும் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள், வெயில் வரும் நாளில் தலையணையைக் காயப் போடுங்கள். பொம்மையை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவைத்தால் நல்லது. கரப்பான் எச்சமும் இழுப்பைத் தூண்டும், சமையலறையைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாத் தூசியையும் துரத்த முடியாது, அதற்காக இரவு பகலாக அழுது வீட்டைத் துடைக்கும் அம்மாமாரை வோர்ட்டில் பார்த்திருக்கிறேன். முதலில் பிரவுண் பம்ப், அதுவும் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரையில் பாதிப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

ஸ்பேசரில் இப்படி: பம்பை நன்றாகக் குலுக்கிச் செருகி, பிள்ளை வாயை இறுக்கி வைத்த பிறகு ஒரு அடி, ஒரே ஒரு அடி. பிறகு சாதாரணமாக ஐந்தாறு மூச்சு எடுக்கட்டும். மூச்சோடு சேர்ந்து உள்ளே இருக்கும் சின்ன வால்வு டிக் டிக் என்று அசைவதைப் பாருங்கள், அசையாவிட்டால் வாய் இறுகவில்லை. இரண்டாவது அடிக்கு முன் திரும்பவும் குலுக்க வேண்டும். இரண்டு அடியை ஒன்றாக அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிவிடும். மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரில் அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு: தென்னாபிரிக்காவில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, பிள்ளைகளிடம் ஆய்வு செய்து பார்த்தார்கள், கடை ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. ஒன்றுமில்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கிளினிக்கில் கப்சியூல் போட்டு இழுக்கும் கருவி தருவார்கள், பெரியவர்களுக்கு அது நிறைய. அதை மெதுவாக இழுத்தால் தூள் கருவிக்குள்ளேயே கிடக்கும், ஒரே மூச்சில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்புக்கு நேர்மாறு, பம்பை மெதுவாக இழுத்து, பத்து செக்கன் மூச்சைப் பிடிக்க வேண்டும். அந்தக் கப்சியூலை விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வீட்டில் உள்ள முதியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

#9 | மெல்பேர்ன் மாமா

வீட்டுக்கு வெளியே உள்ள காற்றையும் யோசிக்க வேண்டும். இங்கே 2016 நவம்பர் 21 அன்று ஒரு இடிமழை வந்தது, புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்ணிய துகளாகி, சில மணித்தியாலத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் மூச்சுமுட்டி வைத்தியசாலைக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை தொய்வு என்று யாரும் சொன்னதில்லை, மூக்கடைப்பும் தும்மலும் மட்டும்தான். எங்களுடைய ஆட்களிடம் அடிக்கடி சொல்வேன், விடாத தும்மலைச் சும்மா விடாதீர்கள், மூக்கும் நெஞ்சும் ஒரே வழி.

#10 | கொச்சிக்கடைக் காற்று

கொழும்பிலும் நடந்ததே. 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து அழுக்குக் காற்று வந்து வானமே மங்கி, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். அந்தக் கிழமை எனக்கு நரகம். அதே வருடம்தான் கேஸ் இல்லாமல் முற்றத்தில் விறகு வைத்துச் சமைத்தோம், மருந்துக்கும் அலைந்தோம்.

லீவு நாள் கேள்வியை யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நெஞ்சு லேசுதான். கிளினிக் போட முடிவு செய்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை அண்ணை, மனுசியும் இதையெல்லாம் வாசித்துவிட்டாள்.

#11 | மாளிகாவத்தை மகள்

எங்கள் வாப்பாவுக்கும் தொய்வு. நோன்பு மாதத்தில் பகலில் பம்ப் அடித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று எடுக்கவே மாட்டார். அதற்கு என்ன செய்யலாம்?

#12 | வோர்ட் நேர்ஸ்

முறியுமா முறியாதா என்பதில் ஆலிம்களிடையே இரண்டு கருத்தும் உண்டு, அதை உங்கள் பள்ளியில் கேளுங்கள். மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. தடுப்புப் பம்ப், அதாவது பிரவுண், பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளைதான், ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் எடுத்தால் ஒன்றும் தவறாது. நோன்புக்குச் சில கிழமை முன்பே வைத்தியரைக் காட்டிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தால் பகலில் நீலம் தேவைப்படுவதே அரிது. அப்படியும் முட்டு வந்தால் எடுக்கத்தான் வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, அதை வாப்பாவுக்கு அவர் மதிக்கும் ஒருவர் வாயால் சொல்ல வையுங்கள்.

#13 | ஆறாம் வகுப்பு ரீச்சர்

நான் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். தொய்வுள்ள பிள்ளைகளை விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, எனக்கு அது மனதுக்கு மிகக் கஷ்டம். அவர்கள் ஓடலாமா? வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முட்டு வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது தெளிவாக எழுதித் தாருங்கள்.

#14 | பாமசி மேசை

ஓடலாம் ரீச்சர், ஓடத்தான் வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள தொய்வுக்கு விளையாட்டு தடையில்லை. ஓடினால் இருமும் பிள்ளைக்கு வைத்தியர் சொல்லியிருந்தால் பதினைந்து நிமிடம் முன்பு நீலம் அடிக்கலாம், பிறகு மெதுவாக உடம்பைச் சூடாக்கி ஆரம்பிக்கட்டும். ஓடும்போதெல்லாம் முட்டுகிறது என்றால் தடுப்பு மருந்து போதவில்லை, தாய் தகப்பனிடம் சொல்லுங்கள்.

முட்டு வந்தால்: பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்கக் கூடாது. கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, சுற்றி நிற்கும் பிள்ளைகளை விலக்குங்கள். வைத்தியர் எழுதித் தந்த திட்டம் பையில் இருந்தால் அதுதான் முதல். இல்லாவிட்டால் நீலப் பம்ப் ஸ்பேசரில் ஒரு அடி, மூச்சு எடுத்து முடிந்ததும் அடுத்தது, அரை நிமிடம் ஒரு நிமிடம் இடைவெளியில், பத்து அடி வரை. அதற்குள் சுகம் வராவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே கடுமையாக இருந்தால், 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை பம்பைத் தொடருங்கள்.

கடுமை என்றால் என்ன? ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இடையில் மூச்சு வாங்குவது, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து தூங்கி விழுவது. விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்து திடீரென்று நின்று, பிள்ளையும் களைத்துப்போயிருந்தால், சுகம் வந்துவிட்டது என்று ஆறுதல் அடையாதீர்கள். காற்றுப் போகவே வழியில்லாதபோதும் சத்தம் நிற்கும்.

பாடசாலைப் பையில் உள்ள பம்பில் மருந்து மிச்சம் இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று தவணைக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குலுக்கினால் சத்தம் வருவதை வைத்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ மிச்சத்தைக் கணக்கிட முடியாது. அடி எண்ணிக்கை காட்டும் பம்ப் நல்லது, இல்லாவிட்டால் தொடங்கிய திகதியைப் பேனாவால் மேலே எழுதுங்கள்.

#15 | கடலோரத் தொடர்மாடி

மகளின் வகுப்பு ரீச்சருக்கு இதை அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன். இரண்டாவது ஸ்பேசர் ஒன்றும் வாங்கிப் பாடசாலையில் வைக்கிறோம். அரசாங்க மருந்துக் கடை ஒசுசலவில் கிடைக்குமா?

#16 | பாமசி மேசை

கேட்டுப் பாருங்கள், கையிருப்பு கடைக்குக் கடை மாறும். ஒன்பது வயதுக்கு முகமூடி வைத்தது வேண்டாம், வாயில் வைக்கும் குழாய் உள்ளதைக் கேளுங்கள். உங்கள் பம்பைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

#17 | ஆறாம் வகுப்பு ரீச்சர்

அண்ணா, #14ஐ எங்கள் ஆசிரியர் அறையில் ஒட்டலாமா? சிங்களப் பிரிவு ரீச்சர்மாரும் கேட்கிறார்கள், மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன்.

#18 | பாமசி மேசை

தாராளமாக ஒட்டுங்கள். 1990ஐயும் கடுமையின் அறிகுறிகளையும் மேலே கொண்டுவந்து பெரிய எழுத்தில் போடுங்கள், அவசரத்தில் யாரும் கீழே வரை வாசிக்க மாட்டார்கள்.